அவான் ஏன் சிரித்தான்?

1981 டிசம்பர் 21, திங்கட்கிழமை. கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது பிபிசி தன் நேயர்களுக்குக் கூண்டோடு ஒரு சாவைக் காட்டியது. 'பிளேக்ஸ் செவன்' என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் 52ஆவது எபிசோட், அதுவே கடைசி. புரட்சிக்காரன் பிளேக்கைத் துரோகி என்று தவறாக நினைத்து, அவனுடைய பழைய கூட்டாளி அவானே சுட்டுவிடுகிறான். அடுத்த சில நிமிடங்களில் அவானின் குழுவினர் டேய்னா, வீலா, சூலின், டாரன்ட் என்று ஒருவர் பின் ஒருவராகச் சரிகிறார்கள். சுற்றிலும் ஃபெடரேஷன் என்ற கொடுங்கோல் அரசின் சிப்பாய்கள், நடுவில் அவான் மட்டும். பிளேக்கின் உடலுக்கு மேல் நின்றபடி துப்பாக்கியை மெதுவாக உயர்த்துகிறான். சிரிக்கிறான். அதோடு காட்சி அறுந்து பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. பின்னணியில் சுடும் சத்தம்.

ஐந்தாவது சீசன் வரவே இல்லை. யார் செத்தார், யார் பிழைத்தார் என்ற வழக்கு மட்டும் நாற்பது வருடங்களுக்கு மேலாக ஓய்ந்தபாடில்லை.

இப்படி முடிவைத் தொங்கவிடுவதில் மட்டமான வகை ஒன்று உண்டு. கதவு திறக்கும், யாரோ வருவார், முகத்தைக் காட்டாமல் நிறுத்திவிடுவார்கள். பார்ப்பவன் கையில் எதையும் கொடுக்காமல் 'ஊகித்துக்கொள்' என்று சொல்கிற சோம்பேறித்தனம் அது. கிறிஸ் பௌச்சர் எழுதி மேரி ரிட்ஜ் இயக்கிய இந்தக் கடைசி எபிசோடு அப்படியல்ல. வழக்காடத் தேவையான சாட்சியங்களையெல்லாம் கண்ணுக்கு முன்னால் பரப்பிவைத்துவிட்டு, தீர்ப்பை மட்டும் எழுதாமல் எழுந்து போகிறது. பிளேக் மீது ரத்தம் தெரிகிறது. மற்றவர்கள் ரத்தமில்லாமல் விழுகிறார்கள். பிளேக்காக நடித்த கேரத் தாமஸ் இரண்டாவது சீசனோடு விலகியவர். இதற்காகத் திரும்பி வந்தபோது, தன் பாத்திரம் சந்தேகத்துக்கிடமில்லாமல் சாக வேண்டும் என்று அவர் விரும்பினார். ஒரு நடிகரின் பிடிவாதம், மற்ற நால்வருக்கும் சந்தேகத்தின் பலனை வாங்கித் தந்துவிட்டது.

வெளிக்காரணங்களை வைத்து ஊகிப்பவர்களும் இருக்கிறார்கள். யாருடைய ஒப்பந்தம் முடிந்தது, யார் சம்பளம் கூட்டிக் கேட்டார் என்று பார்த்து ஆளைச் சாகடிப்பது. பல நேரம் அது பலிக்கவும் செய்யும். இதே தொடரில் மூன்றாவது சீசனின் முடிவு, 1980 மார்ச் 31 அன்று ஒளிபரப்பானது. லிபரேட்டர் என்ற அற்புதமான விண்கலமே சிதைந்து போகிறது. அதோடு கதை முடிந்தது என்றுதான் எடுத்தவர்களே நினைத்திருந்தார்கள். எபிசோடு முடிந்த கையோடு, தொடர் மீண்டும் வரும் என்று அறிவிப்பாளர் சொன்னார். வந்தது. ஆனால் கேல்லியாக நடித்தவர் வரவில்லை, அதனால் அடுத்த சீசனின் தொடக்கத்திலேயே கேல்லி திரைக்கு வெளியே ஒரு வெடிவிபத்தில் செத்துப்போனாள். மூன்று சீசன் கூடவே வந்த பெண்ணுக்கு ஒரு நல்ல சாவுகூடக் கிடைக்கவில்லை. 1990 கோடையில் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' கேப்டன் பிக்கார்டை 'போர்க்' என்ற எதிரிக் கூட்டத்தின் கையில் விட்டு சீசனை முடித்தபோதும், பேட்ரிக் ஸ்டூவர்ட் திரும்புவாரா என்றுதான் பலரும் கவலைப்பட்டார்கள். எழுதிய மைக்கேல் பில்லருக்கே அடுத்த பாதி எப்படிப் போகும் என்று அப்போது தெரியாது. இந்த வகை ஊகம் வியாபாரச் செய்தி. அதில் ருசி இல்லை.

ருசி இருப்பது வேறிடத்தில். ஒருவன் பிழைத்தானா என்ற கேள்விக்கு நாம் சொல்லும் பதில், அவன் யார் என்று நாம் எடைபோட்டதுதான். கடைசி ஐந்து நிமிடத்தில் அதற்கு ஆதாரம் தேடிப் பயனில்லை. நான்கு வருடக் கதையில் தேட வேண்டும்.

அவானை எடுத்துக்கொள்வோம். அவன் பிழைத்தான் என்பவர்கள் ஓராக்கைக் காட்டுகிறார்கள். எல்லாக் கணினிகளுக்குள்ளும் நுழையத் தெரிந்த அந்தப் பெட்டி அன்று அந்த அறையில் இல்லை. அது இருக்கும் இடம் அவானுக்குத் தெரியும். அவர்களைத் துரத்திவரும் ஃபெடரேஷன்காரி செர்வலானுக்கு அது வேண்டும், ஆகவே உயிரோடு பிடிக்கத்தான் உத்தரவு இருந்திருக்கும் என்கிறார்கள். வலுவான வாதம்தான். ஆனால் நமக்கே தோன்றும் இந்தக் கணக்கு, கணக்கிலேயே வாழ்ந்த அவானுக்கா தோன்றியிருக்காது? உயிரோடு பிடித்தால் என்ன செய்வார்கள் என்று தெரிந்தவன் துப்பாக்கியைக் கீழே போடவில்லை, உயர்த்துகிறான். அவானாக நடித்த பால் டாரோவின் அந்தச் சிரிப்பில் வெறி இல்லை, வீரமும் இல்லை. எதிராளிக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆதாயத்தையும் பறித்துவிட்டவனின் சிரிப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. பெயர்கள் ஓடும்போது கேட்கும் சத்தத்தில் அவன் போய்விட்டான்.

வீலா கதை வேறு. பூட்டுத் திறப்பதில் மன்னன், தொடைநடுங்கி, குடிகாரன். 52 எபிசோடுகளிலும் வந்த ஒரே நடிகர், அவனாக நடித்த மைக்கேல் கீட்டிங்தான். கடைசிக்கு இரண்டு வாரம் முன்பு, டிசம்பர் 7 அன்று, ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய 'ஆர்பிட்' என்ற எபிசோடு வந்தது. அவானும் வீலாவும் ஒரு சிறு ஓடத்தில் சிக்கியிருக்கிறார்கள். எடை கூடிவிட்டதால் மேலெழ முடியவில்லை, இன்னும் 70 கிலோவைக் கழித்தாக வேண்டும். இருப்பதையெல்லாம் வெளியே எறிந்தாயிற்று. வீலாவின் எடை 73 கிலோ என்கிறது ஓராக். துப்பாக்கியோடு எழுகிறான் அவான். மெல்லிய, இதமான குரலில் நண்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தேடுகிறான். வீலா ஒரு மூலையில் ஒடுங்கி, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறான். கடைசி நொடியில் அவானுக்கு வேறு வழி கிடைத்துவிடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு அந்த இருவரும் பழைய இருவர் அல்ல. அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சியில் இதைவிடக் குரூரமான சில நிமிடங்களை நான் பார்த்ததில்லை. விண்கலம் அட்டை, செட்டு அட்டை, எல்லாமே அட்டை. பயம் மட்டும் நிஜம்.

அந்த மூலையை மனதில் வைத்துக்கொண்டு கடைசிக் காட்சியைப் பாருங்கள். கையில் ஆயுதமில்லாத வீலா, நான் யாருக்கும் தீங்கு செய்யாதவன் என்று பேச்சுக் கொடுத்தபடியே ஃபெடரேஷன் உளவாளி ஆர்லனை நெருங்கி, எல்லோரையும் முந்திக்கொண்டு அவளை அடித்து வீழ்த்துகிறான். உடனே சிப்பாய்கள் சுட, கவிழ்ந்து விழுகிறான். அந்த விழுதல் கொஞ்சம் வசதியாகவே இருக்கிறது. ஆபத்து வந்தால் அசையாமல் ஒளிந்துகிடப்பது அவன் சமீபத்தில்தான் நன்றாகக் கற்ற வித்தை. செத்ததுபோல் படுத்துக்கிடக்க அந்த அறையில் யாருக்காவது தெரிந்திருந்தால், அவனுக்குத்தான்.

1984இல் டோனி ஆட்வுட் 'ஆஃப்டர்லைஃப்' என்ற நாவலில் அவான், வீலா இருவரையுமே பிழைக்கவைத்துக் கதையைத் தொடர்ந்தார். பாதிதான் எனக்குச் சம்மதம். வீலா எழுந்திருப்பான். பெட்டியைத் தேடிப் போயிருப்பான். அவன் எடையைத் துல்லியமாகச் சொன்ன அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைசிக் காட்சி நடந்த கௌடா பிரைம் கிரகத்தின் காட்டுக்குள் ஓடுவதைத் தவிர அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. டேய்னாவுக்கும் டாரன்ட்டுக்கும் நான் வாதாட மாட்டேன். சூலின் விஷயத்தில் யாராவது புதிதாக ஒரு சாட்சி கொண்டுவந்தால் கேட்கத் தயார்.