வழித்துணை – ‘நந்தலாலா’ திரைப்படம் குறித்து ஒரு சிந்தனை

குழந்தைமை, சிறுபிள்ளைத்தனம் என்று தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. முன்னதைப் புகழ்ச்சியாகவும் பின்னதை இகழ்ச்சியாகவும் வழங்குகிறோம். இயேசு ஒரு சிறு பிள்ளையைச் சீடர் நடுவே நிறுத்தி, அதனைப் போல் மாறுமாறு அவர்களைப் பணித்தார். திருத்தூதர் பவுலோ, தாம் வளர்ந்தபோது குழந்தைக்குரியவற்றைக் களைந்துவிட்டதாகக் கொரிந்தியர்க்கு எழுதினார். அப்படியானால் வளர்ந்த மனிதர் எதைக் களைய வேண்டும்? எதைக் காத்துக்கொள்ள வேண்டும்? மறையுரைகளில் கேட்டுப் பழகிய இவ்வினாவை ஒரு திரைப்படம் புத்தம் புதிதாக நம்முன் வைக்கிறது. மிஷ்கின் எழுதி, இயக்கி, நடித்து, 2010 நவம்பரில் வெளிவந்த ‘நந்தலாலா’வே அது.

கதை எளியது. அகிலேஷ் என்னும் சிறுவன் பாட்டியின் நிழலில் வளர்கிறான். தாய் உடன் இல்லை. அன்னவயல் என்னும் ஊரில் இருக்கும் அவளைத் தேடிச் சென்று கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட வேண்டும் என்பதே அவன் ஆசை. மனநல விடுதியிலிருந்து தப்பி வரும் பாஸ்கர் மணிக்கும் ஒரு தாய் உண்டு. தாய்வாசல் என்னும் ஊரில் வாழும் அவள், தன்னை அங்கே விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் இருந்துவிட்டாள் என்று அவன் கொதிக்கிறான். அவளைக் கண்டதும் கன்னத்தில் ஓர் அறை விட வேண்டும் என்பது அவன் ஆசை. முத்தமிடப் போகும் சிறுவனும் அறையப் போகும் மனிதனும் ஒரே சாலையில் நடக்கிறார்கள். நழுவும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடக்கும் அந்த மனிதனை நாம் எளிதில் மறக்க இயலாது.

இப்படத்தைப் பற்றிப் பேசும் எவரும் சப்பானிய இயக்குநர் தகேஷி கிதானோவின் ‘கிகுஜிரோ’வைப் (1999) பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அங்கும் பாட்டியிடம் வளரும் மசாவோ என்னும் சிறுவன் தாயைத் தேடிப் போகிறான். அங்கும் வழித்துணையாக வாய்ப்பவர் ஒரு தகுதியற்ற மனிதர். அங்கும் அவருக்கு ஒரு தாய் இருக்கிறாள். கதையின் எலும்புக்கூடு அங்கிருந்தே வந்தது என்பதில் ஐயமில்லை. படம் வெளிவந்தபோது எழுந்த கண்டனத்தில் உண்மை உண்டு. கடன் பெற்றதைப் படத்தின் முகப்பிலேயே வெளிப்படையாகச் சொல்வது எந்தக் கலைஞனுக்கும் அழகு. ஆனால் கடன் பெற்றான் என்று தீர்ப்பளித்துவிட்டு எழுந்து போவது திறனாய்வு ஆகாது. வாங்கிய விதை நம் மண்ணில் எப்படி முளைத்தது என்று பார்ப்பதும் நம் கடன்.

கிதானோவின் நாயகன் நோயாளி அல்லன், வெறும் பொறுப்பற்றவன். வயது ஏறியும் வளராதவன். கண்டபடி திட்டுவான், பொய் சொல்வான், வேலை எதுவும் செய்யான். சிறுவனின் பயணச் செலவுக்கென்று பெற்ற பணத்தை மிதிவண்டிப் பந்தயச் சூதில் தொலைத்துவிடுகிறான். அவனுடையது சிறுபிள்ளைத்தனம், அதனின்று அவன் மீள வேண்டும். படத்தின் இயக்கமே அந்த மீட்சியில்தான் இருக்கிறது. பாஸ்கர் மணியோ நோயுற்றவன். கள்ளமின்மை அவனுக்குத் தொடக்கத்திலேயே கொடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே அவன் மாற வேண்டிய தேவை குறைகிறது. நாம் அவன்மீது இரக்கம் கொள்ள வேண்டிய தேவை மிகுகிறது. மனநோயாளியைப் புனிதராகக் காட்டும் பழக்கம் நம் திரையுலகில் புதிதன்று. நோயுற்றவர் புனிதராக இருந்தால்தான் அன்புக்குரியவரா? எரிச்சலூட்டுபவராக, நன்றியற்றவராக இருந்தாலும் அவர் நம் உடன்பிறப்பு அல்லரா? இவ்வினாவைப் படம் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை என்பதே நம் முதல் குறை.

எனினும் மிஷ்கின் கிதானோவைத் தாண்டிச் செல்லும் ஓர் இடம் உண்டு. கிகுஜிரோ முதியோர் இல்லத்தில் இருக்கும் தன் தாயைத் தொலைவில் நின்று பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிவிடுகிறான். அந்த மௌனம் அழகானது. ஆனால் அங்கே காயம் காயமாகவே நின்றுவிடுகிறது. பாஸ்கர் மணி தாய்வாசலை அடைந்து தாயைக் காணும்போது, அவள் தலை மழிக்கப்பட்டு, சங்கிலியால் பிணைக்கப்பட்டு, சித்தம் கலங்கிக் கிடக்கிறாள். தன்னைக் கைவிட்டவள் என்று யாரை எண்ணினானோ, அவளே கைவிடப்பட்டுக் கிடக்கிறாள். அறைய ஓங்க வேண்டிய கை அவளைத் தூக்கிச் சுமக்கிறது. அத்தாயாக நடித்த ரோகிணியின் முகமும் இளையராஜாவின் இசையும் அவ்விடத்தில் உரையாடலை வேண்டாததாக்கிவிடுகின்றன. மன்னிப்பு என்பது ஒரு கருத்தன்று. சுமக்கப்படும் ஓர் உடலின் கனம் என்பதை அக்காட்சி உணர்த்துகிறது.

இனி அவ்விருவரின் நட்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பாஸ்கர் மணி சிறுவனுக்கு எதைக் கொடுத்தான்? அறிவுரை ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்க அவனிடம் எதுவுமில்லை. வழியைக்கூட அவனால் சரியாகக் காட்ட முடியாது. அவன் கொடுத்தது உடனிருப்பு ஒன்றே. துயருற்ற பிள்ளையைக் கண்டதும் நாம் என்ன செய்கிறோம்? வாய் திறந்து புத்தி சொல்கிறோம். மதிப்பெண்ணைப் பற்றி, ஒழுக்கத்தைப் பற்றி, செபத்தைப் பற்றிப் பேசுகிறோம். பிள்ளையின் துயரம் நம்மை அஞ்சச் செய்கிறது. அந்த அச்சத்தைச் சொற்களால் மூடுகிறோம். எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவர் விளக்கம் தொடங்குமுன், அவர்களோடு நடந்து, அவர்கள் தமக்குள் உரையாடிக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டார். நடையும் கேள்வியும் முன்னே வந்தன. போதனை பின்னே வந்தது. நாமோ வரிசையை மாற்றிவிட்டோம்.

இரு படங்களிலும் அறநெறிச் சிக்கல் ஒன்று உண்டு. சிறுவனின் தாய் வேறொரு குடும்பத்தோடு வாழ்கிறாள் என்பதை வளர்ந்தவன் முதலில் அறிகிறான். அறிந்ததைச் சிறுவனிடமிருந்து மறைக்கிறான். அவள் உன் தாயல்லள், அதே பெயருடைய வேறொருத்தி என்கிறான் கிகுஜிரோ. பொய் குறித்துத் தனி நூலே எழுதிய புனித அகுஸ்தீன், நன்மைக்காகச் சொல்லப்படும் பொய்யையும் ஏற்க மறுத்தவர். அவர் இதையும் ஏற்றிருக்க மாட்டார். நாமும் எளிதில் ஏற்கலாகாது. பொய்யால் ஆறும் காயம், உண்மை தெரியும் நாளில் மீண்டும் திறந்துகொள்ளும். ஆனால் கிதானோ இதை அறிந்தவர். அவர் சிறுவனை ஏமாந்தவனாகக் காட்டவில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொள்பவனாகக் காட்டுகிறார். அவனுக்கு உண்மை தெரியும். அந்தப் பொய்யை நட்பின் அடையாளமாக மட்டும் அவன் பெற்றுக்கொள்கிறான். அதன்பின் அம்மனிதன் அவனை விட்டுப் போகவில்லை. வழியில் கிடைத்த நண்பர்களைக் கூட்டி அவனைச் சிரிக்க வைக்க நாள்கணக்கில் விளையாடுகிறான். கசப்பான உண்மையைத் தாங்கப் பிள்ளைக்குத் துணை ஒன்று வேண்டும். அத்துணையைத் தர முடியாதவர் உண்மை பேசுவதாலும் பெரும்பயன் இல்லை.

இவ்விடத்தில் நம் வாசகர்களுள் பலர், பெற்றோராய் இருப்பவர், ஒரு வினாவோடு காத்திருப்பர் என்பதை நாம் அறிவோம். முன்பின் அறியாத ஒரு மனிதனோடு ஒரு பிள்ளை ஊர் ஊராய்ச் செல்வதை அழகென்று போற்றலாமா? 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்கு ஏன் தேவை வந்தது என்பதைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர். திருச்சபையும் இதில் தலைநிமிர்ந்து நிற்க இயலாது. முறைகேடுகளை முறையிடவும் விசாரிக்கவும் உலகத் திருச்சபை முழுமைக்குமான நெறிமுறைகளைத் திருத்தந்தை பிரான்சிசு 2019இல் வகுக்க வேண்டியதாயிற்று. ஆகவே வினா நியாயமானது. கிதானோவும் அதைத் தவிர்க்கவில்லை. இரவுப் பூங்காவில் இனிமையாகப் பேசி மசாவோவை அழைத்துச் செல்லும் தீயவன் ஒருவனை அவர் படத்திலேயே வைத்திருக்கிறார். இனிய சொல் பேசியவன் கொடியவன். கடுஞ்சொல் பேசும் பொறுப்பற்றவனே காக்க வருகிறான்.

இக்கருத்தை நம் மாமல்லபுரத்துச் சிற்பிகள் ஏறத்தாழப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே கல்லில் செதுக்கி வைத்தார்கள். அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் வழங்கும் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை நிற்கிறது. மேலே தவம் செய்யும் முனிவரைப் போலவே அதுவும் முன்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தி நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள் அச்சமின்றி நிற்கின்றன. சுற்றுலாச் செல்வோர் சிரித்துவிட்டுப் போகும் சிற்பம் அது. பிள்ளைகளைப் பெற்றவர் நின்று சிந்திக்க வேண்டிய சிற்பமும் அதுவே. தவக்கோலம் நம்பிக்கைக்குச் சான்றாகாது என்கிறது அக்கல். பித்தர் கோலம் தீமைக்குச் சான்றாகாது என்கிறது ‘நந்தலாலா’.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? இவ்விரு படங்களிலிருந்தும் மூன்று அளவைகளை நாம் பெறலாம். உண்மை நண்பன் பிள்ளையைத் தனக்காகத் தேடுவதில்லை. பிள்ளை தேடுவதையே தானும் தேடுகிறான். அவன் பிள்ளையிடம் தன்னைப் பற்றிய இரகசியம் காக்கச் சொல்வதில்லை. நாடறிந்த சாலையில், பலர் பார்க்க நடக்கிறான். இறுதியாக, அவன் பிள்ளையை மீண்டும் ஒரு வீட்டில் சேர்ப்பிக்கிறான். சிறகு வைத்த பையை முதுகில் சுமந்து வீடு நோக்கி ஓடும் மசாவோவைக் காட்டியே கிதானோ விடைபெறுகிறார். பிள்ளையைத் தன்னோடு கட்டி வைக்கும் அன்பு, எத்தனை இனியதாயினும், நட்பன்று.

இவை திரைக்கதைப் பேச்சு, நமக்கென்ன என்று எவரும் எண்ண வேண்டா. செங்கற்பட்டு ஒரு இரயில் சந்திப்பு. வீட்டை விட்டு ஓடிவரும் பிள்ளைகளுக்கு எந்தச் சந்திப்பும் ஒரு முதல் நிறுத்தம். அதே ஊரில்தான் சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களுக்கான அரசு இல்லமும் இருக்கிறது. பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்டு அங்கே வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் 2022 டிசம்பர் இறுதியில் உயிரிழந்தான். அவன் தாக்கப்பட்டான் என்னும் குற்றச்சாட்டின் பேரில் 2023 சனவரியில் அவ்வில்லத்தின் பணியாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். பின்னர் இத்தகைய இல்லங்களைச் சீர்படுத்துவது குறித்து ஆராய, ஓய்வு பெற்ற நீதியரசர் சந்துரு அவர்களைக் கொண்ட ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. நெறிமுறைகளும் அறிக்கைகளும் இன்றியமையாதவை. ஆனால் அவை தம்மளவில் ஒரு பிள்ளையின் அருகில் அமர்வதில்லை. வயதும் பதவியும் ஊதியமும் உடையோர் சூழ இருந்த இடத்தில் ஒரு சிறுவனுக்குக் கிடைக்காத ஒன்றை, ஒன்றுமில்லாத பித்தன் ஒருவன் அகிலேஷுக்குக் கொடுக்கிறான். ‘நந்தலாலா’வை நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு பார்ப்பவர்க்கு இவ்வொப்புமை உறுத்தாமல் இருக்காது.

ராம் இயக்கிய ‘தங்க மீன்க’ளில் (2013) முதிராத தந்தை ஒருவன் மகளைப் பிழைக்க வைக்கிறான், அங்கே இரத்த உறவு உண்டு. ‘நந்தலாலா’வில் அதுவும் இல்லை. உறவு இல்லாத இடத்தில் உறவைப் படைப்பதே அதன் துணிவு. நீட்டி முழக்கும் காட்சிகளும் கண்ணீரை வற்புறுத்தும் தருணங்களும் அதில் உண்டு. அவற்றைப் பொறுத்துக்கொண்டு குடும்பமாய் அமர்ந்து பாருங்கள். பார்த்தபின் பிள்ளைகளோடு பேசுங்கள். அதைவிட, அவர்கள் பேசக் கேளுங்கள்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை காணலாம். களைய வேண்டியது, தன் விருப்பமே உலகம் என்று எண்ணும் சிறுபிள்ளைத்தனம். பந்தயத்தில் பணத்தைத் தொலைத்த கிகுஜிரோ அதைத்தான் மெல்லக் களைகிறான். காக்க வேண்டியது, அருகில் அழுபவரின் கையைக் காரணம் கேளாமல் பற்றிக்கொள்ளும் குழந்தைமை. நம்முள் பலர் முதலாவதைக் காத்துக்கொண்டு இரண்டாவதைக் களைந்துவிட்டோம். நம் பங்குகளில், நம் தெருக்களில், புகைவண்டி நிலைய மேடைகளில், மாமல்லபுரக் கடற்கரையில் மணிமாலை விற்கும் சிறார் நடுவில், வழித்துணைக்கு ஏங்கும் அகிலேஷ்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் நிறைவை எதிர்பார்ப்பதில்லை. சற்றுத் தூரம் உடன் நடந்து, பத்திரமாய் வீடு சேர்ப்பிக்கும் ஒருவரைத்தான் தேடுகிறார்கள்.