கடலுக்கு இப்பால் உள்ள தண்ணீர்

இலங்கைக் கலையில் நீர் என்றால் கடல்தான் என்ற பேச்சு கொழும்புக் காட்சிக்கூடங்களில் ஊன்றிவிட்டது. தீவு, ஆகவே அலை. அலை, ஆகவே புலம்பெயர்வு. புலம்பெயர்வு, ஆகவே நினைவு என்று அந்த வாதம் தங்குதடையின்றி ஓடுகிறது. ஓவியங்களையும் புகைப்படங்களையும் ஒரே கூடத்தில் மாட்டி நீரைப் பொருளாக வைக்கும் கண்காட்சிகளில் சுவரின் பெரும்பகுதியைக் கடற்கரையே பிடித்துக்கொள்கிறது. இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டவில் இருந்து பார்க்கிறவருக்கு இது பாதிக் கதை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் பிரதேசம் இது. போபத் அருவியாக விழும் குரு கங்கை களு கங்கையில் கலந்து, போகும் வழியெல்லாம் வயலையும் வீட்டையும் அச்சுறுத்துகிறது. இங்கே அன்றாடக் கூலியைத் தண்ணீர் தீர்மானிக்கிறது. சில வருடங்களில் உயிரையும் தீர்மானிக்கிறது. இந்தத் தண்ணீரின் படம் ஏன் நம் சுவர்களில் இல்லை?

விடை தேட, நம் நீரைப் படமாக்கிய தொடக்க காலத்தில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. சாமுவேல் டேனியல் போன்ற ஆங்கில ஓவியர்களுக்கு நம் ஆறுகள் அழகான பின்திரை. பின்னர் வந்த ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே புகைப்பட ஸ்டூடியோக்கள் அருவியையும் கொழுந்து பறிக்கும் பெண்ணையும் ஒரே அல்பத்தில் ஒட்டி விற்றன. பறிப்பவள் எங்கே குளித்தாள், எந்தத் தண்ணீரைக் குடித்தாள் என்று அந்தக் கமராக்கள் கேட்கவில்லை. 1875இல் இலங்கைக்குக் குடிவந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் மட்டும் இங்குள்ள முகங்களை நெருங்கிப் பார்த்தார். 1879இல் மலைநாட்டில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமான அந்த அம்மையாருக்கும் தோட்டத்தின் தண்ணீர் ஒரு பொருளாகப் படவில்லை.

உண்மையான தொடக்கம் லயனல் வென்ட். புகைப்படத்தையும் ஓவியத்தையும் ஒரே மூச்சில் யோசித்த முதல் மனிதர் அவர். ’43 குழு என்ற ஓவியர் அணியைக் கூட்டி எழுப்பியவர் ஒரு புகைப்படக் கலைஞர் என்பதை நாம் அடிக்கடி மறக்கிறோம். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல ஆகியோரின் ஓவியங்களுக்கு வாசல் திறந்ததே கமரா பிடித்த அந்தக் கைதான். இருட்டறையில் நெகட்டிவைத் தலைகீழாக்கியும் அடுக்கியும் அவர் செய்த சோதனைகளில், தோலில் விழும் ஒளியும் நீரில் விழும் ஒளியும் ஒரே பொருளாகின்றன. புகைப்படம் சாட்சி, ஓவியம் உணர்ச்சி என்ற சோம்பேறிப் பிரிவினையை அவர் அன்றே உடைத்தார். 1944இல், 44 வயதில் அவர் போனது பேரிழப்பு. பிறகு இங்கிலாந்தின் சவுத்எண்ட் கரையில் வாழ்ந்த ஐவன் பீரிஸ், தெஹிவளைக் கடலை வாழ்நாள் முழுக்க வரைந்தார். அந்தக் கடல் மகத்தானது. அதன் அமைதி யாருக்கும் எளிதில் கைவராது. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் அவருடைய தேடலை விட்டுவிட்டு அவருடைய கரையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த பெரும் படிமம் குளம். 1963இல் ஸ்டூடியோ டைம்ஸைத் தொடங்கிய நிஹால் பெர்னாண்டோ ரஜரட்டையின் குளங்களையும் காடுகளையும் அசாத்தியப் பொறுமையோடு படம்பிடித்தார். அவருடைய காதல் தூயது. அதைப் பார்த்துப் பழகிய கண், நீர் என்றால் மன்னர்கள் கட்டிய குளம், மிஞ்சினால் கடல் என்று தேங்கியது. 2004 சுனாமி அந்தத் தேக்கத்தைத் துயரத்தால் உறுதிப்படுத்தியது. 2019 ஜனவரியில் கொம்பனித்தெருவின் ரியோ கட்டடத்தில் கொழும்புஸ்கோப் கலைவிழா கடலைக் கருப்பொருளாக்கியபோது, 1983 ஜூலை வன்செயலில் எரிந்த அந்தச் சுவர்களே கலைப்படைப்புகளுக்கு இணையாகப் பேசின. துணிச்சலான விழா. இருந்தும், கடலைக் கடந்து வந்து தலைமன்னாரில் இறங்கி மலைத் தோட்டங்களுக்கு நடந்த தொழிலாளர்களின் கதை, கரையோடு முடிந்துவிடுவதில்லை.

கரையை விட்டுச் சப்ரகமுவவின் தோட்டங்களுக்கு ஏறுங்கள். பாறை இடுக்கிலிருந்து இரும்புக் குழாயோ பிளந்த மூங்கிலோ வழியே இறங்கும் பீலி. அடியில் பாசி பிடித்த சிமெந்துத் தளம். பிரட்டில் ஆள் கணக்கெடுக்க மணி அடிக்கும் முன் வரிசையில் நிற்கும் குடங்கள். றப்பர் தோட்டத்தில் விடியற்காலை மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு பெய்தால் சிரட்டையில் மழைத்தண்ணீர் கலந்து பால் வீணாகும். அன்றைக்கு முழுப் பேர் என்கிற முழுநாள் கூலி விழுமா, அரைப் பேரா என்பதை வானம் சொல்கிறது. கீழே மாணிக்கக் குழியில் ஊறும் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்தால்தான் இல்லம் என்கிற கல்மண்ணை எட்டலாம். அதை வட்டி என்கிற கூடையில் அள்ளி, இடுப்பளவு சேற்றுநீரில் சுழற்றிச் சுழற்றி அலசுகிறார்கள். கனமான கல் அடியில் தங்க, மண் கரைந்து போகிறது. இந்தத் தண்ணீரில் நீலம் இல்லை. செம்மண்ணின் நிறம், பால் கலந்த தேநீரின் நிறம். நம் ஓவியர்களின் தட்டில் இந்த நிறம் ஏறவே தாமதமாகிறது.

கமரா இங்கே ஏறுவது பேரிடர் நாளில் மட்டும். 2003 மே, 2017 மே வெள்ளங்களில் இரத்தினபுரியின் மூழ்கிய கூரைகள்; 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன தோட்டக் குடியிருப்பு லயங்கள்; 2025 நவம்பரில் டித்வா புயலின் சரிவுகள். தண்ணீர் வடிந்ததும் படக்காரர்களும் இறங்கிவிடுகிறார்கள். லயச் சுவரில் காய்ந்து நிற்கும் சேற்றுக்கோடு, வெட்டாமல் விட்ட வடிகான், அடுத்த மழைக்கு முன் நகர இடமில்லாத குடும்பம் ஆகியவை படமாவதில்லை. சி.வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் எழுத்தில் மலையகத்தின் அன்றாடத்தை நிலைநாட்டிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. காட்சிக்கலை அந்தக் கடனை இன்னும் அடைக்கவில்லை.

அடைக்கத் தொடங்கியவர்கள் மலையகத்தின் பிள்ளைகளே. தேயிலைச் சாயத்தையே ஊடகமாக்கும் ஹனுஷா சோமசுந்தரம், தேயிலை வேரையும் உழைக்கும் உடலையும் ஒன்றாக்கும் அருள்ராஜ் உலகநாதன் ஆகியோரின் படைப்புகளை நீர்க்கலை என்று யாரும் வகைப்படுத்துவதில்லை. வகைப்படுத்த வேண்டும். தண்ணீர் இல்லாமல் சாயம் இறங்காது. மழை இல்லாமல் வேர் பிடிக்காது. அலைகளை அழகாக வரைந்து குவிக்கும் நூறு கேன்வஸ்களைவிட ஒரு தேயிலைக் கறை இந்தத் தீவின் நீரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

ஆகவே அடுத்த கூட்டுக் கண்காட்சியைக் கொழும்பில் திறப்பதற்கு முன் இரத்தினபுரியில் திறக்க வேண்டும். அதில் புகைப்படக்காரர் செய்திநாளை விட்டுவிட்டு வரட்சி, மழை, சாதாரண நாள் என்று வருடம் முழுக்க ஒரே பீலியைத் தொடரட்டும். ஓவியர் கையிருப்பு நீலத்தை மூடிவைத்துவிட்டுக் குரு கங்கையின் நிறத்தைக் கலக்கக் கற்கட்டும். இரண்டையும் அருகருகே, சம உயரத்தில், சாட்சி எது கற்பனை எது என்று பிரிக்காமல் மாட்டுவதே வென்ட் தொடங்கிவைத்த வேலையின் நேரான தொடர்ச்சி. பார்க்க வரும் முதல் ஆட்கள் அந்தப் பீலியில் குடம் வைக்கிறவர்களாக இருக்க வேண்டும். படத்தில் எது தப்பு என்று சொல்லும் தகுதி அவர்களுக்குத்தான் உண்டு.