இஸ்தோப்பில் கேட்ட வானொலி

ஹட்டன் பக்கத்தில் கலியாண வீடானாலும் கருமாதி வீடானாலும், ஐம்பது வயதைத் தாண்டிய நாலு பேர் ஓரிடத்தில் அமர்ந்து தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்துவிட்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இலங்கை வானொலியில் வந்து நிற்பதை நான் பல வருஷங்களாகக் கவனித்து வருகிறேன். 'பொங்கும் பூம்புனல்' எத்தனை மணிக்கு வரும், 'இரவின் மடியில்' நிகழ்ச்சியின் முகப்பிசை எப்படி எழும், எஸ். பி. மயில்வாகனத்தின் நிதானத்துக்கும் கே. எஸ். ராஜாவின் வேகத்துக்கும் என்ன வித்தியாசம், 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியில் பி. எச். அப்துல் ஹமீட் எழுத்தைச் சொல்லும் தோரணை எத்தகையது என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் சொல்ல, மூன்றாமவர் திருத்த, நேரம் போவதே தெரியாது. இந்த ஞாபகச் சம்பிரதாயத்தின் குணத்தையும் தோஷத்தையும் நிதானமாக எடைபோட வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அதைச் சுமந்திருக்கும் தலைமுறை நம் கண்ணெதிரே குறைந்துகொண்டு வருகிறது.

இப்பழக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தில் மதுச்சாலைகளிலே வினாடிவினா வைத்து, பழைய தொலைக்காட்சித் தொடர்களின் முகப்பிசையையும், இன்ன வாரம் இன்ன பாட்டு முதலிடத்தில் இருந்தது என்ற கணக்கையும் சொல்லி மகிழ்வதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் 1963 நவம்பரில் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரின் பல பகுதிகளைப் பி.பி.சி. பிற்காலத்தில் அழித்துவிட்ட பிறகும், காணாமற்போன ஒவ்வொரு பகுதியின் ஒலி மட்டுமாவது இன்று கிடைப்பதற்குக் காரணம், அக்காலத்தில் தம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக் காத்திருந்த சாதாரண ரசிகர்களே. பீட்டில்ஸ் குழுவினர் பி.பி.சி. வானொலியில் பாடியவற்றைத் தொகுத்து 1994-இல் இசைத்தட்டாக வெளியிட்டபோதும், நேயர்கள் வீட்டில் எடுத்து வைத்திருந்த பதிவுகள் கைகொடுத்தன. ஸ்தாபனம் தொலைத்ததை நேயன் காப்பாற்றிக் கொடுத்தான். சில்லறைச் செய்திகளில் காட்டும் அபிமானத்துக்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை.

நம்மிடமும் அந்தக் குணம் உண்டு. ஒலி என்பது பிறந்த கணத்திலேயே மறைவது. அச்சேறிய எழுத்தைப் போல அலமாரியில் உட்கார்ந்து காத்திராது. அறிவிப்பாளர் இராஜேஸ்வரி சண்முகம் ஒரு சொல்லை எப்படி உச்சரித்தார் என்பதைக் கேட்டவர் சொன்னால்தான் உண்டு. பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்ற அழகிய பெயரைச் சூட்டியவர் ஈழத்துச் சோ. சிவபாதசுந்தரம் என்பதும், ஒலிபரப்பைத் தமிழிலேயே ஒரு சாஸ்திரமாக விளக்கி 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலை எழுதியவரும் அவரே என்பதும், பாடப்புத்தகத்தில் படித்தறிந்த செய்திகளாக எனக்கு வரவில்லை. தோட்டத்துக் கிளாக்கரையா வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தவை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தொடங்கிவைத்த பொப்பிசை அலையைப் பற்றி இன்று எழுதப் புகுகிறவனுக்கும் இந்த வாய்மொழிக் களஞ்சியமே முதல் துணை.

தோஷம் இரண்டு. முதலாவது எளிது: சொன்னதையே சொல்லிச் சொல்லி அது சத்தியமாகிவிடுகிறது. இலங்கை வானொலி ஆசியாவிலேயே முதலாவது என்று பெருமிதத்தோடு கூறாதவர் இல்லை. எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது 1925 டிசம்பர் 16-ஆம் தேதி. டோக்கியோவில் அதே வருஷம் மார்ச் மாதத்திலேயே ஒலிபரப்புத் தொடங்கிவிட்டது. 1953-இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தவர்கள் அங்கே முதலில் கேட்டது இலங்கை வானொலியைத்தான் என்ற கதையும் அவ்வாறே வலம்வருகிறது. ஏறியவர் முதுகில் உயிர்வாயுக் கலத்தோடு வானொலிப் பெட்டியும் இருந்ததா என்று எவரும் கேட்பதில்லை. உண்மையான பெருமை நிறைய இருக்கும்போது பொய்ப் பெருமை எதற்கு?

இரண்டாவது தோஷம் ஆழமானது. என் மனத்தை உறுத்துவதும் அதுவே. நம் ஞாபகங்களில் பேசியவன் இருக்கிறான், கேட்டவன் இல்லை. அறிவிப்பாளரின் பெயர், பாட்டின் பெயர், படத்தின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் கிரமமாக வருகின்றன. அந்தப் பாட்டு எந்தக் காம்பராவில், எத்தனை பேர் நடுவே, யாருடைய பெட்டியில் ஒலித்தது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பன்னிரண்டு காம்பரா. வானொலி இருந்தது ஒன்றில்தான். மின்சாரம் இல்லை; பெரிய பற்றரியொன்று அந்தப் பெட்டியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். பற்றரி சோர்ந்துவிட்டால் அதை வெயிலில் காயவைப்பார்கள். கொழுந்து மலையில் மூடுபனி கலையாத மாதங்களில் வெயிலுக்காகக் காத்திருப்பதே ஒரு தவம். ஏரியல் கம்பியை லயத்துக்குப் பின்னால் நின்ற சவுக்கு மரத்து உச்சியில் கட்டியிருந்தார்கள். காற்றடித்தால் பாட்டு ஏறும், இறங்கும், சில சமயம் நடுவே வேறொரு மொழி புகுந்துவிடும். பெட்டிக்காரர் அதை இஸ்தோப்பில், அதாவது காம்பராவின் முன் திண்ணையில், கொண்டுவந்து வைப்பார். பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு சாக்குப் படங்கை அவிழ்க்காமலே வந்து நிற்பார்கள். ஒரு நேயர் என்று கணக்கில் வராத நாற்பது காதுகள் அந்த ஒரு பெட்டியைக் கேட்டன.

'பிறந்தநாள் வாழ்த்து' நிகழ்ச்சிக்குத் தபாலட்டை எழுதிப் போட்டுவிட்டு நாள் எண்ணிக் காத்திருப்பார்கள். ஸ்கொட்லாந்துத் துரைமார் தங்கள் ஊர் ஞாபகமாக வைத்துவிட்டுப் போன டன்சினேன், எடின்பரோ, கிளாஸ்கோ முதலிய தோட்டப் பெயர்களை ஒரு தமிழ் அறிவிப்பாளர் வாயால் கேட்ட அந்தச் சில வினாடிகளிலே, தபால்காரனையும் சம்பளப் பட்டியல் எழுதியவரையும் தவிர வேறெவரும் உச்சரித்திராத எங்கள் முகவரி நாடு முழுவதும் ஒலித்தது. தாத்தாவின் பெயர், பாட்டியின் பெயர், மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று எல்லாம் வரும். பெயர் தவறாக வந்தாலும் லயம் முழுவதும் கைதட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அக்காலத்தைப் பொற்காலம் என்கிறோம். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது 1950-இல். அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்னர், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1952-இல் இந்திய அரசின் வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, அங்கே சவர்க்காரமும் பற்பசையும் விற்க விரும்பிய கம்பெனிகளுக்குக் கொழும்பே வாசலாயிற்று. அந்த வருஷமே பினாக்கா கீத்மாலா என்ற திரைப்பாட்டு நிகழ்ச்சி இங்கிருந்து ஆரம்பமாயிற்று. எனவே வர்த்தக சேவையின் பார்வை பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்றதில் ஆச்சரியமில்லை. இங்கே மலையில் நாள்சம்பளத்துக்குக் கொழுந்து பறித்தவள் அந்த வியாபாரக் கணக்கில் எளிதில் வரக்கூடியவள் அல்லள். அவள் கேட்டது, பிறருக்காக வைத்த விருந்தின் வாசனையைப் போன்றது. இவ்வாறு சொல்வதால் அந்தப் பாட்டுகள் தந்த இன்பம் குறையாது. ஆனால் இந்தச் சூழ்நிலையைச் சொல்லாமல் அந்த இன்பத்தை மாத்திரம் எடுத்துச் சொல்லுகிற ஞாபகம் பாதி ஞாபகமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டி வந்த பிறகு லயத்தின் சொந்தப் பாட்டுகள் மெல்ல மெல்ல ஒதுங்கின. மலையில் நிரை பிடித்துப் பறிக்கும்போது கும்மிப் பாட்டுக்குப் பதிலாகத் திரைப்பாட்டை முணுமுணுத்தார்கள் என்பதை நானே கேட்டிருக்கிறேன். மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அந்தப் பழம் பாடல்களைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கியிராவிட்டால் அவற்றில் எத்தனை மிஞ்சியிருக்கும்! வானொலியின் முகப்பிசையை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்திருக்கும் நண்பர்களில் ஒருவராவது தம் பாட்டி பாடிய தாலாட்டைக் குறித்துவைத்திருக்கிறாரா என்று விசாரித்தேன், ஒருவர்கூட இல்லை.

ஆகவே இந்தச் சில்லறை ஞாபகங்களைக் கைவிட வேண்டுமென்பதன்று என் வாதம். கேள்வியை மாற்ற வேண்டும். 'அன்றைக்கு அறிவிப்பாளர் யார்?' என்று கேட்பவர், 'அன்றைக்கு நீங்கள் எங்கே நின்று கேட்டீர்கள்?' என்றும் சேர்த்துக் கேட்கட்டும். முதற்கேள்விக்கு ஒரு விடை. இரண்டாவதற்கு லயத்துக்கு லயம் விடை வேறு. தொலைந்த ஒலிநாடாக்களை ஆங்கில நேயர்கள் வீட்டுப் பெட்டகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது போல, எங்கள் நேயர்களிடம் ஒலிநாடா இல்லாவிட்டாலும் கேட்ட இடத்தின் ஞாபகம் இருக்கிறது.

என் சிற்றப்பா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போனவர். ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்பெற்ற அந்தப் புகையிரதத்தில் ஹட்டன் நிலையத்தில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, கடைசியில் கோத்தகிரித் தேயிலைத் தோட்டமொன்றில் சேர்ந்தார். அங்கேயும் சிற்றலையில் இலங்கை வானொலி கேட்டது. அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் இரண்டு இன்னும் என்னிடம் இருக்கின்றன. நீலம் மங்கிப்போன உள்நாட்டுக் கடிதத் தாள் போன்ற மெல்லிய காகிதம். ஒன்றில் குளிரைப் பற்றியும் கூலியைப் பற்றியும் எழுதிவிட்டு, கீழே மிச்சமிருந்த இடத்தில் பொடியெழுத்தில் ஒரு கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாவதாக ஒரு பாட்டுப் போட்டார்களே, அங்கே நம் இஸ்தோப்பிலும் கேட்டதா, அம்மா எழுந்திருந்தார்களா?

பாட்டின் பெயரை அவர் எழுதவில்லை. அப்பா பதில் எழுதியபோதும் பெயரைக் கேட்கவில்லை. கேட்டது, அம்மாவும் கேட்டார்கள் என்று மாத்திரம் எழுதினாராம்.