எல்லா மண்ணுக்கும் ஒரே எருவா?

தொழு உரம், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, ஜீவாமிர்தம். இயற்கை விவசாயக் கூட்டங்களில் உடுமலைக் கரிசல்காட்டுக்கும் இதே பட்டியல்தான், அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்கும் (2018 முதல் சுவராஜ் தீவு) இதே பட்டியல்தான். மண்ணைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

முதலில் கரிசலில் விதைக்கும் கொண்டைக்கடலையை எடுத்துக்கொள்வோம். அதற்குத் தொழு உரம் நல்லது என்பதில் சந்தேகமில்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் ஹெக்டேருக்கு 12.5 டன் இடச் சொல்கிறது. மழை ஓய்ந்தபின் கரிசலில் தங்கிய ஈரத்தையும் பனியையும் நம்பி வளர்கிற மானாவாரிப் பயிர் இது. நிலம் வெடிக்கத் தொடங்கும்போது ஈரத்தைப் பிடித்து வைப்பது அந்த எரு தரும் மட்குதான். சத்தைவிட அதுவே பெரிய லாபம். ஆனால் மாட்டை விற்றுவிட்டு டிராக்டர் வாங்கியவர் அத்தனை எருவுக்கும் விலை கொடுத்து, வண்டி வாடகையும் கொடுக்க வேண்டும். மேடையில் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

ஜீவாமிர்தத்தின் கணக்கு இன்னும் இடிக்கிறது. ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல். அதில் 10 கிலோ சாணம், கொஞ்சம் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. பல இடங்களில் அது கடலை மாவேதான்! கடலையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். 100 கிலோ அறுத்தால் சுமார் 3 கிலோ தழைச்சத்து வயலைவிட்டுப் போகிறது. ஒரு தடவை ஊற்றும் கரைசலில் இருப்பதோ சில நூறு கிராம். நுண்ணுயிருக்குத் தூண்டல் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், உரம் என்று சொன்னால் முடியாது.

தழைச்சத்தில் பெரும்பகுதியை வேர்முடிச்சு வழியாகப் பயிரே தேடிக்கொள்ளும். விதையில் ரைசோபியம் கலந்தால் போதும். பயறு வகைக்கு வெளியிலிருந்து முக்கியமாக வேண்டியது மணிச்சத்து. இங்கேதான் மண் குறுக்கே நிற்கிறது: மணிச்சத்துக்காக இடும் ராக் பாஸ்பேட் சுண்ணாம்புக் கரிசலில் எளிதில் கரையாது, புளிப்பு மண்ணில் கரையும்.

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. அது சுண்ணாம்புச் சத்தைக் கழுவிப் பெருவாரியான நிலத்தைப் புளிக்க வைத்துவிடுகிறது. அந்தப் புளிப்பும் புழுக்கமும் கொண்டைக்கடலைக்கு ஆகாது. தீவுக்காரர்களின் சுண்டலுக்குக் கடலை கப்பலேறித்தான் வர வேண்டும். நெல் அறுத்த வயலில் உளுந்தோ பாசிப்பயறோ போடலாம். அதற்கும் முதல் தேவை எருவல்ல, சுண்ணாம்பு. கரையில்தான் பவளம் கிடக்கிறதே என்று தோன்றும். பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இயற்கைப் பொருள்தான், அள்ளினால் வழக்கு.

2021இல் இதே யூனியன் பிரதேசத்தின் கார் நிக்கோபார், நான்கவுரிப் பகுதியில் 14,491 ஹெக்டேர் நிலத்துக்கு இயற்கை விவசாயச் சான்று கிடைத்தது. பெருமைப்படலாம். ஆனால் நிலத்தில் எதைப் போடவில்லை என்பதற்குத்தான் அந்தச் சான்று. அதில் என்ன குறைகிறது என்பதை அது சொல்லாது.

ஹேவ்லாக்கில் கைக்கெட்டியது வேலியோரக் கிளைரிசிடியா தழையும் அடுப்புச் சாம்பலும். தழை மட்கைக் கூட்டும், புளிப்பைப் போக்காது. வெக்கையில் மட்கு சீக்கிரம் கரைவதால் வருடந்தோறும் இட வேண்டும். சாம்பல் புளிப்பைத் தணிக்கும். ஆனால் அதைப் பச்சைச் சாணத்தோடு சேர்த்துக் குவித்தால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். விதைப்புக்கு முன்பே தனியாகத் தூவி உழுதுவிட வேண்டும்.