உலா பார்க்கும் வாக்காளர்

உலா இலக்கியத்தில் தலைவன் தெருவில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு உருகுவார்கள். வளை கழலும், மேகலை நெகிழும். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களுக்கு இப்படிப் பாடினார். அரசன் மாறினான், பெண்களின் வேலை மாறவில்லை.

தேர்தல்கால ரோடு ஷோக்களைத் தொலைக்காட்சியில் பார்க்கையில் எனக்கு இந்த நூல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. வேனின் மேல் தலைவர் நிற்கிறார். கூட்டத்தில் கண்கலங்கும் கல்லூரி மாணவி ஒருத்தியைக் கேமரா தேடிப் பிடிக்கிறது. பக்கத்தில் அதே வயதுப் பையன் கூவினால் 'இளைஞர் எழுச்சி'. அவள் கூவினால் 'ரசிகை'.

'இளைஞர்' என்பது இலக்கணப்படி இருபாலுக்கும் பொது. வழக்கில் அப்படியில்லை. செய்தித்தாளைப் பிரித்துப் பாருங்கள்: 'இளைஞர்கள்' போராடுகிறார்கள், ஆட்சியை மாற்றுகிறார்கள், 'இளம்பெண்' மாயமாகிறாள். கட்சிகளிலும் இளைஞர் அணி தனி, மகளிர் அணி தனி. இருபது வயதுப் பெண் பெரும்பாலும் இரண்டாவதில் போய்ச் சேர்கிறாள், அவளுடைய இளமை கணக்கில் வராமலே.

61ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி 1989இல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18 ஆகக் குறைந்தது. பெண்ணுக்கு 18 சட்டப்படித் திருமண வயதும்கூட. ஆணுக்கு அது 21. படிவம் 6 கொடுத்துப் பட்டியலில் பெயர் சேர்த்த கையோடு கல்யாணமாகி வேறூர் போகிறவள், ஓட்டை மாற்றப் படிவம் 8 கொடுக்க வேண்டும். ரேஷன் அட்டையில் மருமகள் பெயரைச் சேர்க்கப் புகுந்த வீடு காட்டும் அவசரத்தை இதற்குக் காட்டி நான் பார்த்ததில்லை. விடுதியில் தங்கிப் படிப்பவளுக்கோ ஓட்டு ஓர் ஊரில், வாழ்க்கை வேறோர் ஊரில். இளையோர் ஓட்டுப்போட வருவதில்லை என்று விவாத மேடைகளில் அங்கலாய்ப்பவர்கள் இந்த இடப்பெயர்ச்சியைப் பேசுவதேயில்லை.

இளையோரின் அரசியல் பலத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 2017 ஜனவரி மெரினா. ஜல்லிக்கட்டுக்காக நடந்த அந்தப் போராட்டத்தில் மாணவிகளும் இரவுபகலாக இருந்தார்கள். அதைக் கொண்டாடியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது, பெண்கள் அங்கே பாதுகாப்பாக இருந்தார்கள் என்பதைத்தான். காளையை அடக்க ஆண்கள் மட்டுமே இறங்கும் ஒரு விளையாட்டுக்காக இந்தப் பெண்கள் ஏன் வந்தார்கள்? கேட்டவர்கள் குறைவு. பின்னாளில் என் மாணவிகளிடம் கேட்டேன். விவசாயம் அழிகிறது என்பதால் போனேன் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "வீட்ல ராத்திரி வெளிய இருக்க விட்டது அதுக்கு மட்டும்தான் மேம்" என்றாள்.