வழிநூலும் வழிப்பாட்டும்

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. வழிநூலுக்கு இலக்கணம் வகுத்த நன்னூலார், அது முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து நிற்பதோடு அமையாது, பின்னோன் வேண்டுகின்ற விகற்பத்தையும் கொண்டிருத்தல் வேண்டும் என்கிறார். விகற்பம் இல்லாவிடில் அது வழிநூல் ஆகாது, வெறும் படியெடுத்தல். படியெடுக்கப் புலவர் எதற்கு? எம் அலுவலகத்தின் நகல்பொறியே அப்பணியைச் செவ்வனே செய்துவிடும்.

இவ்விலக்கணத்தை இசைப்பாட்டுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்னும் எண்ணம் நமக்கு எழுந்தது, ஒரு சிறு தலைகுனிவின் பயனாக.

தில்லியில் நாம் பணிபுரியும் பிரிவில் வங்காள நண்பர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெறும் நிலையில் இருந்த மூத்தவர். வங்காளியர் வழக்கப்படி எல்லாரும் அவரைத் ‘தாதா’ என்றே அழைப்போம். ஒரு பொங்கல் விழாவுக்கு அவரை நம் சங்கத்துக்கு அழைத்துச் சென்றோம். பள்ளிச் சிறுமி ஒருத்தி ‘காற்றினிலே வரும் கீதம்’ பாடினாள். அவையில் ‘அப்படியே எம்.எஸ். மாதிரி’ என்னும் பாராட்டு எழுந்தது. (இதனைவிடப் பெரிய பாராட்டு நம்மவர்க்குத் தெரியாது, இதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.) தாதா தாளம் போட்டுக் கேட்டுவிட்டு, ‘கமல் தாஸ்குப்தாவின் மெட்டு ஆயிற்றே! தமிழ்ச் சொற்கள் நன்றாகப் பொருந்தியிருக்கின்றன’ என்றார். நமக்குச் சினம் மூண்டது. 1945 ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த ‘மீரா’ திரைப்படம், கல்கியின் சொற்கள், எஸ்.வி. வெங்கட்ராமனின் இசையமைப்பு, எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரல் என்று அடுக்கினோம். அவர் மறுத்துப் பேசவில்லை. திங்கட்கிழமை உணவு இடைவேளையில் ‘டூட் கயீ மன் பீனா’ என்னும் இந்திப் பாடலைப் போட்டுக் காட்டினார். பழைய இசைத்தட்டுப் பாடல் அது. மெட்டமைத்தவர் கமல் தாஸ்குப்தா. முதல் அடி முடியுமுன்பே நம் வாதம் முடிந்துவிட்டது. சிறுவயது முதல் நம்முடையதென்று நாம் இறுமாந்திருந்த மெட்டு அது.

அம்மெட்டைத் தழுவியே தமிழ்ப் பாடல் அமைந்தது என்பதனைத் திரையிசை வரலாறு எழுதியோர் முன்னரே குறித்திருக்கின்றனர், அறியாதவர் நாமே. கமல் தாஸ்குப்தா (1912–1974) நஸ்ருல் இஸ்லாமின் பாடல்கள் பலவற்றுக்கு மெட்டமைத்த பெருங்கலைஞர், டாக்காவில் மறைந்தவர்.   

நிற்க. தழுவல் என்று அறிந்தபின் அப்பாடலின் மதிப்பு நம் உள்ளத்தில் குறைந்ததா? சில நாள் குறைந்தது என்பதனை மறைக்க வேண்டுவதில்லை. பின்னர் இரண்டையும் மாறி மாறிக் கேட்டோம். கேட்கக் கேட்க, தமிழ்ப் பாடலின் பெருமை வேறோர் இடத்தில் இருப்பது புலனாயிற்று.

இந்திப் பாடலின் பெயருக்கே ‘மனவீணை முறிந்தது’ என்பது பொருள். இசை நின்றுபோனதைப் பற்றிய இசை அது. கருவி உடைந்த பின்னர்த் தொடங்குகிறது பாட்டு. அதனைப் பாடியவர் குரலில் அலங்காரம் இல்லை, அழுத்தம் இல்லை, அழுது ஓய்ந்தபின் பேசுவார் குரல்போல அடங்கி ஒலிக்கிறது. கல்கி இதே மெட்டை எடுத்து என் செய்தார்? உடைந்த வீணையை அகற்றிவிட்டு, தொலைவிலிருந்து வரும் குழலை வைத்தார். நின்றுபோன இசை, வந்துகொண்டிருக்கும் இசையாயிற்று. நிலவும் நதியும் தென்றலும் நீலநிறச் சிறுவனும் அதனுள் புகுந்தனர். சொல்லை மொழிபெயர்க்காமல், பொருளையே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டார். நன்னூலார் கூறும் விகற்பம் இதுவன்றோ!

ஆயின் மெட்டு தன் பழைய துயரை மறந்துவிடுமா? மறக்கவில்லை. தமிழ்ப் பாடலின் பிற்பகுதியில், நெடுங்காலத்தைக் குறிக்கும் ஒரு சொல் இருமுறை அடுத்தடுத்து வருகிறது. அதனையடுத்து, அவன் காதலை எண்ணி உள்ளம் உருகியே கிடக்குமோ என்னும் பொருள்பட ஒரு வினா எழுகிறது. அவ்விடத்தில் எம்.எஸ். அவர்களின் குரலை ஊன்றிக் கேட்டல் வேண்டும். அதுவரை குழலோசையில் திளைத்திருந்த மீராவுக்கு, குழல் ஊதியவன் அருகில் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கிறது. இந்திப் பாட்டு முறிவில் தொடங்குகிறது, எம்.எஸ். பாட்டு அம்முறிவை ஒளித்து வைத்திருந்து பிற்பகுதியில் வெளிப்படுத்துகிறது. இன்பம் என்று நம்பிக் கேட்டு வந்தவரைத் துன்பம் எதிர்பாராது தாக்குகிறது. இக்காரணம் பற்றியே வழிப்பாட்டு முதற்பாட்டை விஞ்சியது என்கிறோம். குரல் இனிமை பற்றியன்று. இனிமை இருவர்க்கும் உண்டு.

‘தமிழர் ஆகலின் இவ்வாறு உரைக்கிறீர்’ என்பாரும் உளர். தாதாவே அதனைச் சொன்னார். அவருக்குத் தமிழ்ப் பாடல் இனிய ஓசை. நமக்கு அது பொருள். அவர் செவியில் இந்திப் பாடலின் குரல் அவர் வீட்டுக் கூடத்தில் ஒலித்த குரல். விஞ்சியது எது என்னும் தீர்ப்பில் மொழிக்கும் பிறந்த மனைக்கும் பங்கு உண்டு என்பதனை ஒப்புக்கொள்ளவே வேண்டும். எனினும் ‘அவரவர்க்கு அவரவர் பாட்டு’ என்று கூறித் திறனாய்வைக் கைவிடுவதற்கு நாம் உடன்படோம். விகற்பம் எங்கே இருக்கிறது, அது எதனைச் செய்கிறது என்பதனைச் சுட்டிக்காட்டல் இயலும். சுட்டிக்காட்டியதனைத் தாதா மறுக்கவில்லை. விருப்பத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

கடல் கடந்த நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் 1965 இல் ‘ரெஸ்பெக்ட்’ என்னும் பாடலைத் தாமே எழுதிப் பாடினார். உழைத்துக் களைத்து வீடு திரும்பும் ஆடவன் தன் மனையாளிடம் மதிப்பை வேண்டுவதாக அமைந்தது அது. அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் 35 ஆம் இடம் வரை எய்தியது. 1967 பிப்ரவரியில் அரீதா பிராங்க்ளின் அதனைப் பாடிப் பதிவு செய்தபோது, வேண்டுபவள் பெண் ஆனாள். அத்துடன் நில்லாமல், தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டி உரைக்கும் பகுதியைத் தாமே சேர்த்தார். தெரியாதவனுக்குப் பாடம் சொல்லுவது போன்ற அந்த எழுத்துக்கூட்டல் ரெட்டிங்கின் பாடலில் இல்லை. பாட்டு முதலிடம் பெற்றது. பெண்ணுரிமை கேட்டோரும் இனவுரிமை கேட்டோரும் தம் பாட்டாகக் கொண்டனர். அவ்வாண்டு ஜூன் திங்களில் மான்டரே விழா மேடையில் ரெட்டிங், ஒரு பெண் தம்மிடமிருந்து பறித்துக்கொண்ட பாட்டு இது என்று நகைச்சுவையாக அறிவித்துவிட்டுப் பாடினார். டிசம்பரில் வானூர்தி விபத்தில் மாண்டபோது அவருக்கு அகவை 26.

இனி, முன்னர் விட்டுவைத்த ‘அப்படியே’ என்னும் பாராட்டுக்கு வருவோம். ஒலிநாடாக்கள் மலிந்த எண்பதுகளில், மறைந்த பாடகர்களின் பாடல்களை அவர்களைப் போலவே பாடிக் குறைந்த விலைக்கு விற்ற நாடாக்கள் வடநாட்டில் குவிந்தன. வணிகர் அவற்றை ‘வெர்ஷன்’ என்றனர். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு அதற்கு வழிவிட்டிருந்தது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது 31-சி பிரிவாகியது. முதற்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்தாண்டு கழிய வேண்டும். உறையில் இது மறுபதிவு என்று குறிக்க வேண்டும். உரிமைத்தொகை செலுத்த வேண்டும். பதிவுக்கு இன்றியமையாத நுட்ப மாற்றம் தவிர, உரிமையாளர் இசைவின்றி வேறு மாற்றம் செய்யலாகாது. விதிகளைப் படிப்பதே தொழிலாகிவிட்ட நமக்கு இப்பிரிவு வியப்பளித்தது. விகற்பம் வேண்டும் என்கிறார் நன்னூலார்; விகற்பம் கூடாது என்கிறது சட்டம். ‘அப்படியே’ பாடுவோர்க்குக் கதவைத் திறந்து, புதிதாகப் பாடுவோரை இசைவு பெற்று வருக என்று வாயிலில் நிறுத்துகிறது. முதற்பாடலைச் சிதைப்பாரிடமிருந்து காப்பது சட்டத்தின் கருத்து; அது நேர்மையானதே. ஆனால் விஞ்சும் வழிப்பாட்டு இவ்விதியின் நிழலில் பிறக்காது.

தமிழர்க்குத் தழுவல் ஏன் தலைகுனிவாகத் தோன்ற வேண்டும் என்பதே இப்போது நம் வினா. கம்பன் பாடியது வழிநூல். மிதிலையில் மணத்துக்கு முன்னரே இராமனும் சீதையும் ஒருவரையொருவர் நோக்குவது அவன் செய்த விகற்பம். இராவணன் சீதையைத் தீண்டாது நிலத்தோடும் பெயர்த்துச் சென்றான் என்பதும் வான்மீகத்தில் இல்லாதது. எவரும் கம்பனைக் கடன்காரன் என்று இகழ்வதில்லை. அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அக்கதையை வடமொழியில் செய்தோருள் முந்தியவரையே தான் பின்பற்றுவதாகக் கம்பன் பாயிரத்திலேயே அறிவித்துவிட்டான். கடனை ஒப்புக்கொண்டவன் தலைநிமிர்ந்து நடக்கிறான். நம் விழா மேடைகளிலோ, கல்கியின் பெயரும் எம்.எஸ். பெயரும் சொல்லப்படக் கேட்டிருக்கிறோம். கமல் தாஸ்குப்தாவின் பெயரை ஒருமுறையும் கேட்டதில்லை. அன்று நம்மைத் தலைகுனிய வைத்தது தழுவல் அன்று, அந்த அறியாமையே.

தாதா ஓய்வுபெற்றுக் கொல்கத்தாவுக்குச் சென்ற அடுத்த பொங்கலில், அதே பாடல் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அறிவிப்பாளரிடம் ஒரு துண்டுத்தாளில் மெட்டமைத்தவர் பெயரை எழுதிக் கொடுத்தோம். நம் கையெழுத்து அலுவலகத்திலேயே பெயர் பெற்றது. அவர் ‘மூல மெட்டு, கமல்...’ என்று படித்துவிட்டு, அடுத்த சொல் விளங்காமல் நிறுத்தினார். அவையில் பெருத்த கைதட்டல் எழுந்தது. அவர்கள் எண்ணிய கமல் வேறு. இவ்வாண்டு தட்டச்சு செய்தே கொடுத்திருக்கிறோம்.