மேடும் நிழலும்

ஸ்கிராப் புத்தகம் என்றால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலைவர்கள் படத்தையும் பறவைகள் படத்தையும் வெட்டி ஒட்டி வாத்தியாரிடம் மார்க்கு வாங்கும் சமாசாரம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பெரியவர்கள் கைக்கு வந்து வெகுநாளாகிறது. கல்யாணம், சீமந்தம், காசி யாத்திரை, காலமாகிவிட்ட பெற்றோர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம் வீட்டிலேயே தயாராகிறது. அதற்கென்று கடைகளில் சாமான்களும் உண்டு: காகிதப் பூ, ஜிகினா, சம்கி, லேஸ், படத்தைத் தாளுக்கு மேலே தூக்கி நிறுத்தும் ஸ்பாஞ்சுத் துண்டு. பக்கம் தட்டையாக இருக்கக் கூடாது. கண்ணுக்கு மேடுபள்ளமும் கைக்குச் சொரசொரப்பும் தெரியவேண்டும் என்பது இந்தக் கலையின் இன்றைய சித்தாந்தம்.

சித்தாந்தத்தோடு எனக்குச் சண்டையில்லை. தொட்டுப் பார்க்கத் தூண்டும் பக்கம் நெருக்கமானதுதான். ஆனால் மேடு எங்கே வேண்டும், எங்கே கூடாது என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. நான் பார்த்த புத்தகங்களில் முக்காலே மூன்று வீசம் அப்பம்போல் உப்பி, மூடினால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. பக்கத்தைத் திருப்பினால் எல்லாமே முன்னால் வந்து நிற்கிறது. எதைப் பார்ப்பது?

இந்த விஷயத்தில் நம் பாட்டிமார்கள் கெட்டிக்காரர்கள். ரவி வர்மா 1894-ல் பம்பாயில் ஆரம்பித்த அச்சகத்திலிருந்து லக்ஷ்மியும் சரஸ்வதியும் வீடு வீடாக வந்து சேர்ந்தபோது, அந்தப் படங்களைச் சிலர் சும்மா கண்ணாடி போட்டு மாட்டிவிடவில்லை. அம்மனின் புடவைமேல் நிஜத் துணியை வெட்டி வைத்து, ஜரிகையும் மணியும் சம்கியும் சேர்த்து அலங்காரம் செய்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இப்படிப்பட்ட படங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். புடவை மேடு, நகை மேடு. முகத்தில் மட்டும் எதுவும் கிடையாது. முகமும் கையும் அச்சில் வந்தபடியே தட்டையாக இருக்கும். அதனாலேயே ஜரிகையின் மினுமினுப்பையெல்லாம் தாண்டிக் கண் நேராக முகத்துக்குப் போய்விடும். எங்கே ஒட்டக் கூடாது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் மேரி டிலேனி என்று ஓர் அம்மாள். 1700-ல் பிறந்தவர். இரண்டாவது கணவரும் இறந்தபின், எழுபது வயதுக்குமேல், வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டிப் பூக்கள் செய்ய ஆரம்பித்தார். கண்பார்வை மங்கிக் கை ஓயும்வரை சுமார் பத்து வருஷத்தில் 985 பூக்கள் செய்து முடித்தார். அவை இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஒரே பூவுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் வைத்ததும் உண்டு. வெளிர் நிறத்தின்மேல் அடர் நிறம், அதன்மேல் இன்னொரு கீற்று என்று அடுக்கியே இதழின் வளைவைக் கொண்டுவந்தார். சில படங்களில் நிஜ இலையையும் சேர்த்திருக்கிறார். இத்தனை நுணுக்கத்துக்கும் பின்னணி என்ன தெரியுமா? வெறும் கறுப்பு. ஒரு கொடி இல்லை, கரை இல்லை, பட்டாம்பூச்சி இல்லை. காகிதத்தின் கனம்தான் அங்கே மொத்த உயரமும். பூ நம்மை நோக்கி எழுந்து வருவதுபோல் தோன்றுவதற்கு அந்தக் கறுப்புதான் பாதிக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இது வெறும் அழகுப் பிரச்னை என்றால் இவ்வளவு சொல்லவேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், தாயாரின் வருஷாப்திகத்துக்கு ஒரு புத்தகம் செய்திருந்தாள். ஒரு பக்கத்தில் தாயார் எழுதிய மளிகைக் கணக்கு. துவரம் பருப்பு, வெல்லம், கடுகு என்று வரிசையாகப் பென்சில் எழுத்து. அதன் கீழ்ப் பாதியில் குறுக்காக ஒரு லேஸ், அதன்மேல் முத்துக்கள்.

“வெறும் காகிதமாக இருந்தது, அண்ணா. எடுப்பாக இல்லை. அதனால்தான் லேஸ் வைத்தேன்” என்றாள்.

“அடியில் ஏதோ எழுதியிருக்கிறதே?”

“அதுவா? கடைசி வரி. ‘குழந்தைக்கு ரிப்பன், சிவப்பு’ என்று. அந்தக் குழந்தை நான்தான்.”

லேஸின் ஓட்டை வழியாக ‘ரிப்’ என்ற இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தாள். கெட்டியான பசை, இழுத்தால் தாளும் சேர்ந்து கிழியும். விட்டுவிட்டாள். அந்த வரி இன்னும் லேஸுக்குக் கீழேதான் இருக்கிறது.

அதே புத்தகத்தில் இன்னொரு பக்கம். தாயாரின் ரவிக்கைத் துண்டு ஒன்றை மேல் ஓரத்தில் மட்டும் நாலு தையல் போட்டு நிறுத்தியிருந்தாள். தூக்கிப் பார்த்தால் துணியின் மறுபக்கம், தாயார் கையால் ஒட்டுப் போட்ட இழைகள். வேறு ஒரு ஜோடனையும் இல்லை. அங்கே மேடு, சொரசொரப்பு, ஆழம் எல்லாமே இருந்தன. கடையில் வாங்கியது எதுவுமில்லை.

இதிலிருந்து சில காரிய யோசனைகள் கிடைக்கின்றன. கனத்த சாமான் வைக்கவேண்டுமானால், கட்டும்போதே முதுகுப் பக்கத்தில் தாள்களுக்கிடையே குறுகிய காகிதக் கீற்றுகளைச் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் கனம் அடங்கும், புத்தகம் மூடும். பழைய காகிதத்துக்குக் கோதுமை மாவின் கஞ்சிப்பசை உத்தமம். பழைய ஏடுகளைப் பழுதுபார்க்கிறவர்களும் அதைத்தான் கையாளுகிறார்கள், ஈரம் காட்டினால் விட்டுக்கொடுக்கும் என்பதால். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். போட்டோவை ஒட்டவே வேண்டாம்; நாலு மூலையிலும் காகித மூலை செருகினால் போதும்.

மார்க் ட்வெய்ன் 1873-ல் தானே ஒட்டிக்கொள்ளும் ஸ்கிராப் புத்தகம் ஒன்றுக்குப் பேடண்டு வாங்கினார். பக்கத்திலேயே பசை தடவியிருக்கும், ஈரப்படுத்தினால் போதும். எப்படி ஒட்டுவது என்ற பிரச்னையை ஒரு நாவலாசிரியர் தீர்த்துவைத்துவிட்டார். எதை ஒட்டுவது, எதை விடுவது என்பது இன்னும் ஒட்டுகிறவர் பாடுதான். எழுத்துத் தொழிலிலும் இதே பாடுதான். கதாநாயகியின் துக்கத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் அந்தி வானத்தை அரைப் பக்கம் வர்ணித்தால், வாசகருக்கு வானம்தான் மிஞ்சுகிறது.

ஒரு பக்கம் முடிந்ததும் அதைச் சாயங்கால வேளையில் ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மேடும் தன் நிழலைக் காட்டும். எதன் நிழல் முதலில் கண்ணில் படுகிறதோ, அதற்காகத்தான் அந்தப் பக்கத்தைச் செய்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பசை காய்வதற்குள் எடுத்துவிடுங்கள்.